முகத்துவாரத்தில் வெட்டிய வாய்

மழை விட்டதால் நானும் அறைத்தோழி சுகந்தியும் இன்று வந்தாறுமூலையிலிருந்து பஸ் பிடித்து முகத்துவாரத்துக்குக் கடல் பார்க்கப் போனோம்.

வெள்ளம் வடிவதற்காக, ஆற்றையும் கடலையும் பிரிக்கும் மணல்திட்டை அப்போதுதான் வெட்டியிருந்தார்கள்.

முதலில் வாய்க்கால் அளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை இடிந்து இடிந்து அகன்றது. செந்நிறத் தண்ணீர் இரைந்துகொண்டு போய் அலையையே திருப்பித் தள்ளியது. எங்கள் காலடி மணல் அதிர்ந்தது.

பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அக்கா போனில் கணவரிடம் கத்தினார்.

"ஆத்துவாய் திறந்திட்டுங்க! இனி நம்மட வயல் வட்டையில நிக்கிற தண்ணியும் வடிஞ்சிரும். பயிர் தப்பிரும்!"

பிறகு ஸ்பீக்கரைப் போட்டு, போனை ஆற்றுப் பக்கம் நீட்டினார்.

ஸ்பீக்கரில் கணவரின் குரல் வந்தது.

"கேக்குது புள்ள. இன்னும் கொஞ்சம் பிடி."

திரும்பும் பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எங்களைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டீர்கள்.