ஜெபமணி தைத்த லேபிள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் நம்பச் சொல்லி உங்களைக் கெஞ்சமாட்டேன், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்திருந்த சமயம். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர் கொடுக்கிறவர்களிடம் சாம்பிள் காட்டி ஒப்புதல் வாங்குகிற மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு பையர் சென்னை ஹோட்டலில் தங்கியிருந்தார், மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் சாம்பிள் டீ-ஷர்ட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்காவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும், எங்கள் தையல் பிரிவையே மூடவேண்டியதுதான். கோவையிலிருந்து ரயிலில் எட்டு மணி நேரம், விமானத்தில் ஒரு மணி நேரம்.

"வாங்கிட்டு வந்துருவயா கண்ணு?" என்றார் ஓனர்.

"வாங்காம வரமாட்டேனுங்க" என்றேன்.

விமானம் மேலே ஏறிய பிறகுதான் பையைத் திறந்து பார்த்தேன். கழுத்து லேபிள் தைக்காமல் தனியாகக் கிடந்தது. எங்கள் சாம்பிள் டெய்லர் ஜெபமணியிடம் காலையில் கொடுக்கவேண்டும் என்று நான்தான் எடுத்துவைத்தேன், நான்தான் மறந்தேன். லேபிள் இல்லாத சாம்பிளை அந்த பையர் தொடக்கூட மாட்டார்.

அழுது என்ன ஆகப்போகிறது? இறங்கியதும் எந்தத் தையல்கடைக் கதவையாவது தட்டித் தைத்தே தீருவது என்று முடிவு செய்து, லேபிளைக் கைக்குள் இறுக்கிப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினேன். ஜெபமணியின் மெஷின்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. தூங்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்து சீட்டுக்காரர் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சக்கரம் தரையைத் தொட்டதும் கையை விரித்தேன். லேபிளைக் காணோம். சீட்டுக்கடியில் தேடிவிட்டு, பதறிப்போய்ப் பையைத் திறந்தால் டீ-ஷர்ட் கழுத்தில் லேபிள் தைத்திருக்கிறது, நேர்த்தியான மெஷின் தையல்.

பையர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. வெளியே வந்து கம்பெனிக்கு ஃபோன் போட்டு ஜெபமணியைக் கூப்பிடச் சொன்னேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், பொய் சொல்லத் தெரியாதவள்.

"லேபிள தைச்சது யாரு ஜெபமணி?"

"என்னக்கா இப்படிக் கேக்கிய? பதினோரு மணி டீ பெல்லுக்கு முந்தி நீங்கதான கொண்டாந்து குடுத்திய. ஃபிளைட்டுக்குப் போகலையான்னு கேட்டேன், பேசவே இல்ல. தைச்சுக் குடுத்ததும் வாங்கிக்கிட்டிய."

பதினோரு மணிக்கு நான் வானத்தில் இருந்தேன்.

ஊர் திரும்பி வாட்ச்மேனை விசாரித்தேன். "உள்ள போனீங்க, வணக்கம்கூட வெச்சனுங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "திரும்பி வந்ததத்தான் நான் பாக்கலீங்க" என்றார். எங்கள் தையல் ஷெட்டுக்கு ஒரே வாசல். அங்கே தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் பெண்களும் அதையேதான் சொன்னார்கள், நான் உள்ளே வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு, வெளியே போனதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஆர்டர் கிடைத்தது, பிரிவும் மூடவில்லை. நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன், இதற்குப் பயந்து வேலையை விடுகிற ஆளா நான்? தலையெல்லாம் நரைத்துவிட்டது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஷெட்டிலிருந்து வந்து என்னிடம் கேட்டாள்.

"மேடம், உள்ள உக்காந்திருக்கறது உங்க தங்கச்சிங்களா? அப்படியே உங்களாட்டவே இருக்காங்க."

எனக்குத் தங்கை கிடையாது.