மேலே பார்த்தால் இரண்டு

துர்கா பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கல்கத்தாவின் கரியாஹாட் கடைத்தெருவில் துணி வாங்கிக்கொண்டு நானும் கணவரும் பஸ் ஏறினோம். எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்தொரு வயது. கூட்டத்தில் பஸ் சட்டென்று நின்றபோது, மேல்கம்பியைப் பிடிக்கத் தூக்கிய அவருடைய முழங்கை என் இடது கண்ணில் இடித்தது.

லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினேன். சிந்திய வேகத்தில் இமை பந்துபோல உப்பியது. கன்னமும் மேலுதடும் மரத்துப்போயின. மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் அடுத்த வீட்டு வங்காளி அம்மா, "டாக்தார் தேகாவ், தேரி கோரோ நா" என்று பதறினார். தாமதிக்காமல் டாக்டரிடம் போகச் சொன்னார். கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் டாக்டரிடம் கிளம்பத் தயாராக நின்றார்.

"வீக்கம்தானே, வடிஞ்சிடும். பூஜை முடியட்டுங்க" என்று தடுத்தது நான்தான். அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒன்றுமில்லை என்று காட்டிவிட நினைத்தேன்.

வீக்கம் வடிந்தது. விடுமுறை முடிந்து, நான் ஆசிரியையாக இருந்த பள்ளி திறந்த அன்று, கணக்குப் போடக் கரும்பலகையின் மேல்பக்கம் கையை உயர்த்தினேன். கையில் இருந்த சாக்பீஸ் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டாகத் தெரிந்தது. பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தார்கள்.

கண் மருத்துவர் மரப்பு மருந்து விட்டு, இடுக்கியால் விழியைப் பிடித்து மேலே நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை. கண்குழியின் தரை காகிதம்போல மெல்லிய எலும்பு என்றார். அது உடைந்து, விழியை அசைக்கும் தசை அந்த விரிசலில் சிக்கியிருந்தது. அதனால்தான் டிப்ளோபியா (ஒரே பொருள் இரண்டாகத் தெரிவது).

"அடிபட்டு எத்தனை நாள்?"

"நாலு வாரம்."

"முதல் வாரமே வந்திருக்க வேண்டும். தசை தழும்பேறி ஒட்டிக்கொண்டுவிட்டது."

"என் தப்பு, டாக்டர்" என்றார் கணவர். முழங்கையைச் சொன்னாரா, தாமதத்தைச் சொன்னாரா தெரியவில்லை. தடுத்தவள் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

கீழிமைக்கு அடியில் கீறி, தசையை விடுவித்து, மெல்லிய தகடு ஒன்றை வைத்தார்கள். நேரே பார்த்தால் ஒன்றாகத் தெரியும் அளவுக்குத் தேறியது. மேல்பார்வை திரும்பவில்லை. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதிப் பழகினேன்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் அவரிடம் கேட்டேன். "ஏங்க, கால் வலியா? என்கிட்ட பேசணும்னா உடனே உக்காந்துடுறீங்களே?"

அவர் நல்ல உயரம். நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். "நின்னா உனக்கு ரெண்டாத் தெரிவேன்ல."

தப்பு என்னுடையது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. வீக்கம் வடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவர் மனம் நோகுமே என்று வலியை மறைக்காதீர்கள்.

இப்போது எதையும் நான் ஒரு கணம் பிந்தித்தான் பார்க்கிறேன். பஸ்ஸின் எண், மாடியிலிருந்து கூப்பிடுபவர் முகம், எதுவானாலும் முதலில் தாடை உயர வேண்டும். பார்வை அதற்குப் பிறகுதான். வெளியே வேகமாக நடப்பவை என்னிடம் வந்து சேர்வதற்குள் முடிந்துவிடுகின்றன.

போன வருடம் மாரடைப்பில் அவர் போனார். கட்டிலருகே நின்று குனிந்தேன். கீழே பார்க்கையில் என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஒரே ஒருவராக, மிகத் தெளிவாகத் தெரிந்தார்.