சாவிக்கொத்துச் சத்தம்

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வலது விலாவுக்குக் கீழே கையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. இடது பக்கம் அழுத்திப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. மறுபடி வலது பக்கம். அவள் கூச்சத்தில் சிரித்தாள்.

"ஏங்க, இங்க கை வச்சுப் பாருங்க."

கணவர் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். இந்தப் பக்கத்து ஆள். நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்து, அவரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவள்.

"கேஸா இருக்கும். ஓமத்தண்ணி குடு," என்றார். ஆனால் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் குழந்தையோடு விளையாட்டாகப் பேசிக்கொண்டேதான் வயிற்றை அழுத்தினார். சட்டென்று பேச்சு நின்றது. ஸ்கேன், ரத்தம், சதைப் பரிசோதனை என்று சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போனோம்.

"கல்லீரல்ல கட்டி. புற்றுநோய்தாம்மா. சின்னக் குழந்தைங்களுக்கு ரொம்ப அபூர்வமா வர்றது," என்றார் அங்கிருந்த டாக்டர்.

"நான் சால்டரிங் லைன்ல வேலை பாக்குறேன் சார். ஏழு மாசம் வரைக்கும் வயித்துல இவள வச்சுக்கிட்டு போனேன். அந்தப் புகையாலயா?"

"இல்ல. நீங்க செஞ்ச எதனாலயும் வரல."

கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டை அன்றிலிருந்து தனி வாளியில் துவைத்தேன்.

மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்வதாகச் சொன்னார்கள். கையெழுத்து வாங்கும் தாளை டாக்டர் வாசித்துக் காட்டினார். முடி கொட்டும், வாந்தி வரும். காது கேட்பது குறையலாம்.

கணவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இப்பத்தான் சார் பேசவே ஆரம்பிச்சிகீது. வேற மருந்து இல்லியா?"

"இந்தக் கட்டிக்கு இதுதான் நல்லா கேக்கும்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு கட்டியைவிடக் காதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்புவாள். அடுத்த தடவை இன்னும் மெதுவாகக் கூப்பிடுவேன். அவருக்குத் தெரியாமல்தான் இதைச் செய்தேன். ஒருநாள் சாயங்காலம் கதவுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் சாவிக்கொத்து. லேசாக ஆட்டிவிட்டு மகளை எட்டிப் பார்த்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "முந்தாநாளு திரும்புச்சி," என்றார். "இன்னிக்கித் திரும்பல."

நான் கூப்பிட்டேன். என் குரலுக்குத் திரும்பினாள். சாவிச் சத்தத்துக்கு மட்டும் திரும்பவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி அதையே செய்துகொண்டிருந்தோம். விளையாட்டு என்று நினைத்து அவள் கைதட்டினாள்.

காதைப் பரிசோதித்தார்கள். மெல்லிய, கீச்சுச் சத்தங்கள் இரண்டு காதிலும் போயிருந்தன. மருந்து இன்னும் இரண்டு தடவை பாக்கி. பேச்சுச் சத்தமும் போய்விடுமோ என்று ஒவ்வொரு பாட்டில் ஏறும்போதும் அவள் காதருகே பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று ஒன்றும் நினைவில்லை.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள், மதியம் தாண்டித்தான் கதவைத் திறந்தார்கள். "முழுசா எடுத்துட்டோம்." கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அவளுக்கு ஆறு வயது. இரண்டு காதிலும் மெஷின். திட்டினால் உடனே கழற்றி மேசையில் வைத்துவிட்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்கச் சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குச் சோறு இறங்காது. அவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். வருகிற வியாழக்கிழமை போகிறோம். இரண்டு பேரும் லீவு சொல்லியிருக்கிறோம்.