சீதனத்தோடு கொடுக்கப்பட்டவள்

பிள்ளைகளே, அப்பா அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். வருகிற ஞாயிறு உங்கள் தங்கச்சி கோயிலில் முதல் நன்மை வாங்குகிற விருந்துக்கு எங்கள் தமிழ் ஆட்கள் வராமல் போனால், அதற்குக் காரணம் நான்தான். அதை வேறு யாரும் சொல்லி நீங்கள் அறியக் கூடாது.

மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே மூடிக் கிடக்கிற டெப்பனரை, அந்தச் சின்னப் பலசரக்குக் கடையை, உங்களுக்குத் தெரியும். அதை ஹெயிட்டிக் குடும்பங்களும் நாங்களும் கூட்டாக எடுத்து நடத்துவதாகப் பேச்சு. அதில் வேலை செய்கிற எல்லோருக்கும் பங்கு. மேல்மாடி ஹெயிட்டி அம்மா ஒன்றுதான் கேட்டார்: தொடங்குவதற்கு முன் எல்லோரும் ஒன்றாக இருந்து மனம்விட்டுப் பேச வேண்டும்.

மாதா கோயிலின் கீழ் மண்டபத்தில் கூடினோம். தன் முன்னோர் கரும்புத் தோட்டத்து அடிமைகள் என்று அவர் கோப்பி குடித்தபடி சொன்னார். அவ்வளவு உழைத்தும் அவர்களுக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை, அதனால்தான் பங்கு என்பது தனக்குப் பெரிய சொல் என்றார். இப்படியும் ஒருவர் தலை குனியாமல் சொல்லலாமா?

பிறகு, உங்கள் ஊரில் எப்படி என்று எங்களைக் கேட்டார். எங்கள் பாடகர் குழுவை நடத்துகிற அண்ணைதான் பிரெஞ்சில் பதில் சொன்னார். எங்களிடம் அப்படி ஒன்றும் இருந்ததில்லை என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்ன தம்பி, பேசாம இருக்கிறீர், வாய்க்குள்ள புட்டே வச்சிருக்கிறீர்? சொல்லுமன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால், ஊரில் எவடம் என்று கேட்பார்கள். எவடம் என்று தெரிந்தால் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். நான் யாழ்ப்பாணம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்னோவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். அப்படித் தெரிந்துபோன ஒரு குடும்பத்துக்கு மெல்ல மெல்ல அழைப்பு நின்றுபோனதைக் கண்டவன் நான். உங்களுக்கும் அது வந்துவிடுமோ என்ற பயம்தான் இத்தனை நாளும் என் வாயைக் கட்டியது.

ஆனால் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லிவிட்டு அவரோடு பங்குக்கு இருக்க எனக்கு மனம் வரவில்லை.

“இருந்தது அண்ணை. அப்பாவின்ர பூட்டியை ஒரு பெரிய வீட்டுப் பொம்பிளையின்ர சீதனத்தோட அடிமையாக் குடுத்தவை. மாடு கண்டோட.”

அண்ணை ஜாக்கெட்டை எடுத்து மெதுவாகப் போட்டார்.

“உந்தக் கதையை ஏன் இப்ப கதைக்கிறீர்? பிள்ளையளை யோசிச்சனீரே?”

“ஓம் அண்ணை. அதுதான் பயமாக் கிடக்கு.”

அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. என் உடைந்த பிரெஞ்சில் நானே சொன்னேன். அந்த அம்மா பூட்டியின், என் அப்பாவின் பாட்டியைப் பெற்றவளின், பெயரைக் கேட்டார். தெரியாது என்றேன். தன் ஆட்களின் பெயரும் தனக்குத் தெரியாது என்றார்.

அண்ணையோடு எங்கள் ஆட்களில் பலர் எழுந்து போனார்கள். போகாத சிலர் கதிரைகளை நெருக்கிப் போட்டார்கள். கடையை எப்போது துப்புரவாக்குவது என்று பேசினோம்.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில். கதவைப் பூட்டி, பட்டப்பகலில் மேல் கொண்டியையும் போட்டேன். படியில் காலடி கேட்டது. எங்கள் ஆட்கள் யாரோ என்று கதவில் காதை வைத்தேன். அது மேல்மாடிக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, நீங்கள் திறப்பால் திறந்து வரட்டும் என்று கொண்டியை மட்டும் எடுத்துவிட்டேன்.