நீலம் பூசிய தெரு

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரில் நில அளவை படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கோடை முழுவதும் வட கடலில் உள்ள ஒரு சின்னத் தீவில் வேலை செய்தேன். கடல் மட்டம் உயர்ந்தால் எந்தத் தெரு வரை தண்ணீர் ஏறும் என்று வரைபடம் போட வேண்டும். அந்தத் தீவே சுற்றுலாவை நம்பிப் பிழைப்பது. இப்படியொரு படம் வெளியே வந்தால் விருந்தினர் வரமாட்டார்கள் என்று, அளவைக் கோலோடு நான் போன இடமெல்லாம் ஊர்க்காரர்கள் முறைத்துப் பார்த்தார்கள்.

அங்கே தமிழ் பேசக் கிடைத்தவர் ஒரே ஒரு அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பத்தை வுப்பர்டால் நகரில் விட்டுவிட்டு, சுற்றுலா விடுதியொன்றின் சமையலறையில் சீசனுக்கு மட்டும் வேலை பார்த்தார். படகுத்துறைக்குப் பின்னால் இருந்த பணியாளர் குடியிருப்பில் தங்கியிருந்தார். தீவிலேயே தாழ்வான இடம் அதுதான்.

முதல் வரைபடத்தை ஊர்ச் சபைத் தலைவரிடம் காட்டினேன். அவருக்கே இரண்டு விடுதிகள் உண்டு. தண்ணீர் ஏறும் இடம் என்று கடற்கரைத் தெருவின் மேல் நான் பூசியிருந்த நீலத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள். குடியிருப்புப் பக்கம் படத்திலேயே வேண்டாம். அங்கே விருந்தினர் யாரும் தங்குவதில்லையே" என்றார்.

"மனிதர்கள் தங்குகிறார்கள்" என்றேன். படத்தை அவரிடம் விடாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அக்காவிடம் சொன்னபோது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "அப்ப நாங்கள் தண்ணிக்குள்ள இருக்கிறம், ஆனா படத்தில இல்லை. அப்பிடியோ?"

"ஆமாக்கா."

"ஒண்டையும் அழிச்சுப் போடாதேங்கோ. கூட்டத்துக்கு நானும் வாறன்."

சபைக் கூட்டத்துக்குச் சமையல் ஏப்ரனோடு வந்தார். நான் படத்தை விரித்ததும் எழுந்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "என் அறை இதில் எங்கே?" என்று கேட்டார். நான் விரல் வைத்துக் காட்டினேன். முழுக்க நீலம். தலைவர், இது ஒரு மாணவியின் பயிற்சிதான், அச்சிடப்போவதில்லை என்று கூட்டத்தை முடித்தார்.

நான் ஒரு கோட்டையும் மாற்றாமல் கல்லூரியில் கொடுத்தேன். அதன் பிரதியொன்றை அக்கா சமையலறைக் கதவில் ஒட்டினார். யாரோ கிழித்தார்கள். இன்னொன்று அனுப்பினேன்.

அடுத்த சீசன் தொடங்கியதும் அக்கா தொலைபேசியில் அழைத்தார். பணியாளர்களுக்கு மேட்டுத் தெருவில் அறைகள் கிடைத்திருந்தன.

"தலைவர் மனசு மாறிட்டாரா அக்கா?"

"அவரோ? பழைய அறையெண்டால் வேலைக்கு வரமாட்டம் எண்டு எல்லாரும் சேர்ந்து சொல்லிப்போட்டம். வேற என்ன செய்ய ஏலும் அவருக்கு?"