நன்மாறனுக்கு வந்த வாழ்த்துகள்

பேய், ஆவி என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் டீ கிளாசைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிற ஆள் நான். மலேசியாவில், கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, விடியாத நேரத்தில் பந்திங் பக்கம் செம்பனைக் காட்டு ரோட்டில் தனியாகப் போயிருக்கிறேன், நாயைத் தவிர வேறெதுவும் என்னைத் துரத்தியதில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன். ஆனால் உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இதில் எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

என் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் மனிதர்கள் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும், அதைவிடத் தேதிகள் பிடிக்கும். எந்த நாளில் எந்தக் கப்பல் மூழ்கியது, எந்த நாட்டுக்கு விடுதலை கிடைத்தது, யார் பிறந்தார், யார் போனார் என்று பேப்பரிலும் கைப்பேசியிலும் பார்த்துப் பார்த்து ஒரு தடித்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். தலையில் அன்றைக்கு நடந்த பெரிய சங்கதிகள், அதற்குக் கீழே நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் பிறந்தவர்கள், வலப்பக்கம் மறைந்தவர்கள். பக்கம் பற்றாது என்பதால் பொடிப் பொடியாக, ஒரு வரிகூட விடாமல் எழுதுவேன். முந்தின நாள் சாயங்காலம் அதைப் பார்த்துக் கைப்பேசியில் தட்டி வைத்து, காலையில் எங்கள் பிளாட் வாட்ஸ்அப் குழுவில் 'இந்த நாளில்' என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டுத்தான் வேனை எடுப்பேன். கடைசியில் நம்மாள் ஒருவர் சொன்னது என்று ஒரு வரி சேர்ப்பேன். 'லிப்ட் கெட்டாத்தான் பக்கத்து வீட்டுக்காரன் மொகம் தெரியுது' என்று எங்கள் டாக்சி கோபால் சொன்னதை ஒருநாள் போட்டதற்கு ஐம்பது பேர் சிரித்தார்கள்.

போகப் போக பிளாட்காரர்களும் தங்கள் வீட்டுப் பிறப்பு இறப்புகளைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். "எங்கப்பா ஒரு மகாராஜாகூட ஒரே லிஸ்ட்ல இருக்காருண்ணே!" என்று கோபால் நாலு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்று வையுங்களேன்.

லெட்சுமி அக்கா பி புளோக், நான்காம் மாடி. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இந்த பிளாட்டுக்குக் குடிவருவதற்கு முன்பே புருஷன் இறந்துவிட்டார், ஒரே மகள் சுபாங் ஜெயாவில் இருக்கிறாள். ஒருநாள் மத்தியானம் நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஒங்க நோட்டுல எம்மவனயும் போடுவீங்களா?"

"ஒங்களுக்கு மகதானக்கா?"

"மூத்தவன் ஒருத்தன் இருந்தான். காலைல பொறந்தான், பொழுது சாயறதுக்குள்ள போயிட்டான். ரெண்டும் ஒரே நாளு. அதனால ரெண்டு பக்கமும் போட்டுருங்க லா."

தேதியைச் சொன்னார். சரிக்கா, போட்டுடறேன் என்றேன். கை ஈரமாக இருந்தது, பிறகு எழுதலாம் என்று விட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம்தான். அது பொய். எழுதக் கூடாது என்றுதான் எழுதவில்லை. நம்மவர்களில் தீட்டுக் கழித்துப் பேர் வைப்பதற்குள் போய்விட்ட பிள்ளையை மண்ணில் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். பதினாறாம் நாள் காரியம் கிடையாது, மாலை போட்ட படம் கிடையாது, தாயைத் தவிர யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை. அன்றிரவு சாப்பிடும்போது என் மனைவி வசந்தியிடம், "பேரே வைக்காத புள்ள, என்னான்னு எழுதறது? அந்தப் பக்கத்துல எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க" என்றேன். அவள் தட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

அந்த வருஷம் அந்த நாள் வந்தது. ஒரு விஞ்ஞானி பிறந்தார், ஒரு ராணி இறந்தார், எங்கோ ஒரு பாலம் திறந்தார்கள், எல்லாவற்றையும் அனுப்பினேன். மத்தியானம் லிப்டில் அக்கா, கையில் கைப்பேசி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இன்னிக்கு லிஸ்ட் ரொம்ப நீளம் தம்பி, ரெண்டு வாட்டி படிச்சேன்" என்றார். எதைத் தேடி இரண்டாவது முறை படித்தார் என்று எனக்குத் தெரியும். நான் லிப்டின் நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது வருஷம்தான் நான் சத்தியம் செய்யக்கூடிய அந்தக் காலை. முந்தின சாயங்காலம் வழக்கம்போலத் தட்டி வைத்தேன். அக்காவின் பிள்ளை ஞாபகத்துக்கு வரவே இல்லை, அதுவும் வெட்கம்தான். காலையில் அனுப்பிவிட்டு வேனை எடுத்தேன். முதல் பிள்ளையை ஏற்றுவதற்குள் கைப்பேசி டிங் டிங் என்று விடாமல் அடிக்கிறது. சிவப்பு விளக்கில் நின்று பார்த்தால், கோபால் எழுதியிருக்கிறான்: 'யாருண்ணே இந்த நன்மாறன்? நம்ம பி புளோக்கா? ஹேப்பி பர்த்டே பாஸ்!' அதற்குக் கீழே வரிசையாகக் கேக், பலூன், கைகூப்பு. அப்புறம் ஒருவர், 'நல்லா இருக்கணும்யா, நீண்ட ஆயுசு!'

மேலே தள்ளி என் செய்தியைப் பார்த்தேன். பிறந்தவர்கள் வரிசையில், விஞ்ஞானிக்கு அடுத்து: 'நன்மாறன், பி புளோக், நான்காம் மாடி.'

நம்பினால் நம்புங்கள், அந்தப் பெயரை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. நன்மாறன் என்று என் வேனில் ஏறிய பிள்ளை ஒன்றுகூட கிடையாது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், உள்ளே பிள்ளைகள் "அங்கிள், பச்சை அங்கிள்!" என்று கத்துகிறார்கள். அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். இருபத்து மூன்று பேர் வாழ்த்திவிட்டார்கள், இனி எப்படி அழிப்பது?

பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடி நோட்டைத் திறந்தேன். இருக்கிறது. இடப்பக்கம், என் கையெழுத்தில், என் பேனா மையில். வசந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பீங்க" என்றாள். "பேரு எங்கருந்துடி வரும்?" என்றேன். வலப்பக்கம் பார்த்தேன், அவன் பெயர் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்கு நேர் எதிரே, ராணிக்கும் அடுத்தவருக்கும் நடுவில், ஒரு வரி காலியாக இருந்தது. நான் வரி விடுகிறவனே இல்லை. அந்த நோட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்தோம், வேறெங்கும் ஒரு காலி வரி கிடையாது.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள். அக்கா. கையில் ஒரு டப்பா, சூடான கேசரி. கண்கள் அழுது வீங்கியிருந்தன, ஆனால் முகம் கல்யாண வீட்டு முகம்.

"முப்பத்திரண்டு வருசத்துல அவனுக்கு யாரும் ஹேப்பி பர்த்டே சொன்னதில்ல தம்பி. நீண்ட ஆயுசுன்னு ஒருத்தர் போட்டுருக்காரு, பாத்தீங்களா? நான் கேட்டது ரெண்டு பக்கமும். நீங்க போனவங்க பக்கம் போடாம விட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் ஓடி வந்தேன். பெரிய மனசு தம்பி ஒங்களுக்கு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் போடவில்லை அக்கா, போன வருஷம் வேண்டுமென்றேதான் விட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கதவு வரை போன அக்கா திரும்பினார்.

"ஆமா, பேரு எப்படித் தெரிஞ்சுச்சு? ஆஸ்பத்திரில அவரு புள்ளையோட காதுல சொன்னாரு, எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. எம்மவளுக்கே நான் சொன்னதில்லையே."

வசந்தி என்னைப் பார்க்கிறாள். தெரியாது என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவருமே என்று, "நீங்கதான்க்கா சொன்னீங்க. வேன் கழுவும்போது. மறந்துட்டீங்க" என்றேன்.

அக்காவின் முகம் மெல்ல வாடியது. "நானா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். "அப்படின்னா சொல்லியிருப்பேன். வயசாயிடுச்சுல்ல." முப்பத்திரண்டு வருஷம் யார் வாயிலும் விழாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு பெயரைக் கை தவறவிட்டவர்போலப் படியிறங்கிப் போனார். லிப்டுக்குக்கூட நிற்கவில்லை.

கேசரியை வசந்தி தொடவில்லை. நான் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அக்கா மகளோடு சுபாங் ஜெயாவுக்குப் போய்விட்டார். இப்போது ஒவ்வொரு வருஷமும் நன்மாறன் பெயரை நானே தட்டி அனுப்புகிறேன். வாழ்த்துகள் வருகின்றன, கோபால் இன்னும் 'பார்ட்டி எங்க பாஸ்?' என்று கேட்கிறான், அவனிடமும் நான் ஒன்றும் சொன்னதில்லை. அனுப்பிய கையோடு சுபாங்குக்குக் கூப்பிடுவேன். அக்கா குரலைக் கேட்கும்வரை வேனை எடுக்க மாட்டேன். காரணம் அந்தக் காலி வரி. அதில் ஏதாவது ஒரு மன்னரின் பெயரை எழுதி அடைத்துவிடலாம் என்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன். மகன் பெயருக்கு நேர் எதிரே, மறைந்தவர்கள் பக்கம், இதே தேதியில் போகப்போகிற யாருக்கென்றோ ஒதுக்கி வைத்த இடம் அது. அதில் நான் எப்படிக் கை வைப்பது?

இந்த வருஷமும் கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தார்.

"நீங்க மட்டுந்தான் தம்பி மறக்காம கூப்பிடறீங்க" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. ஒங்ககிட்டப் பேர சொன்னது மட்டும் எனக்கு இன்னும் ஞாபகமே வரல. தெனம் யோசிச்சுப் பாக்கறேன்."

"ஒடம்பப் பாத்துக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நோட்டு மடியில் அந்தப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது.