ஆறு பேருக்கு அம்மாள் வந்த பருவம்

"ஆம்பிளையள் சேத்துக்கை உருளுற இடத்திலை உனக்கென்ன கந்தோர் வேலை? ஒரு மாதமெண்டாலும் இருப்பியோ?" என்று சித்தப்பா கேட்டார்.

ரக்பி கழகத்தில் எழுத்தர் வேலைக்குப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன நாள் அது. சித்தப்பா பதினொரு வருடமாக ஒரே சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மணியின், வீட்டில் வேலை செய்கிறவர். அவரைப் பொறுத்தவரை வேலை என்பது ஒரு வீட்டுக்குள், ஒரு சாவிக்கொத்தோடு இருக்க வேண்டும்.

"ஒரு மாதமில்லை சித்தப்பா. ஆட்டப் பருவம் முடியுமட்டும் வைச்சுப் பாக்கினமாம்."

"அப்ப அதுவும் நிச்சயமில்லை," என்றார். தான் சொன்னது சரியாகிவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மா தன் பெயரை எழுதத் தெரியாமல் இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்கு வந்தவர். வதிவிட அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வைக்க, பத்து வயதில் நான்தான் அவருக்குப் பழக்கினேன். பிறகு வணிகப் பள்ளியில் ஐந்து வருடம் படித்து டிப்ளோமா வாங்கினேன். வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் காகிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சட்டம் சாமிப் படங்களின் சட்டங்களைவிடக் கொஞ்சம் பெரியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கழகத்துக்கு என்னைக் கொண்டுபோனதும் அம்மாதான். ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் இருக்கிற அந்த மைதானத்தின் உடைமாற்றும் அறைகளை அவர்தான் கழுவுகிறார். வீரர்களின் சட்டைகளையும் அவரே துவைத்துக் காயப்போடுகிறார். முன்பிருந்த எழுத்தர் வேலையை விட்டு வடக்கே போனபோது, "என் மகள் படிச்சவள்" என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கழகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறார். தலைவர் தளபாடக் கடை வைத்திருக்கிறவர். மெதுவாகக் கதைக்கத் தெரியாத மனிதர். அணி இப்போதிருக்கும் போட்டிப் பிரிவில் நிலைத்தால் எனக்கு வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் அலுவலக அறையைப் பூட்டிவிட்டுக் காகித வேலையைத் தானே தன் கடையிலிருந்து பார்த்துக்கொள்வார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஒளிவுமறைவில்லாத பேச்சு. எனக்கு அது பிடித்தது.

ரக்பியைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஆட்டத்தின் நடுவில் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் குனிந்து, தோள் பிணைத்து, தலைக்குத் தலை கோர்த்துத் தள்ளுவார்கள். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். பயிற்சியில் அதையே முக்கால் மணி நேரம் செய்வார்கள். ஒருவர் வியர்வை இன்னொருவர் காதில் வடியும். அம்மா முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "இவங்கள் என்ன, ஒருத்தனை ஒருத்தன் மாடு மாதிரி முட்டுறாங்கள்?" என்று கேட்டார்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்து வீரர்கள் சட்டைகளைக் கழற்றி அம்மாவின் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ரமின் முன்வரிசையில் நிற்கிறவர் ஒருவர் சிறுவர் பள்ளி ஆசிரியர். அவர் குனிந்தபோது அம்மா அவருடைய கழுத்தைப் பார்த்தார். உடனே இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டார். ஆசிரியர் திகைத்துப்போய்த் தானும் கும்பிட்டார்.

"பாருங்கள், இவரை மதிக்கவும் ஒரு ஆள் இருக்கிறார்!" என்று பின்னால் நின்ற இன்னொரு வீரரான மீன்காரர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா கும்பிட்டது அந்த மனிதரையல்ல, அவருடைய கழுத்தில் இருந்த மூன்று நீர்க்கொப்புளங்களை. கொப்பளிப்பான் என்கிற சின்னம்மையை எங்கள் ஆட்கள் நோய் என்று சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறாள் என்பார்கள். வந்தவளை மரியாதையாக இருக்கவிட்டு மரியாதையாக அனுப்ப வேண்டும். அந்த வீட்டில் பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. வாசலில் வேப்பிலை செருக வேண்டும். வெளியாட்கள் வரக் கூடாது. வைத்தியரைக் கூப்பிடுவதில்லை. முக்கியமாக, அதை ஒரு வருத்தமென்று, நோயென்று பெயர் சொல்லி வெளியில் கதைக்கக் கூடாது. கொப்புளங்கள் காய்ந்த பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை வார்த்தால் அவள் போய்விடுவாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "தலையோடை தலை வைச்சுத் தள்ளினவங்கள். இரண்டு கிழமையிலை பார் பிள்ளை," என்றார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. பத்து மணிக்குள் ஆறு பேர். ஆறில் ஐந்து பேர் ஸ்க்ரம்காரர்கள். மொத்தமே பத்தொன்பது பேர் கொண்ட அணி, அதில் இருவர் ஏற்கெனவே காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொரு பேரை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆட முடியாது. தலைவர் மரம் வாங்க வெளியூர் போயிருந்தார். பயிற்சியாளர் தொலைபேசியில், "ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுது. அழகாக எழுது," என்றார்.

அழகாகத்தான் எழுதினேன். பள்ளியில் வணிகக் கடிதத்துக்கு என்னை மிஞ்ச ஆள் இருந்ததில்லை. "எமது வீரர்களில் சிலர் தவிர்க்க முடியாத காரணத்தினால் கலந்துகொள்ள இயலாத நிலையில் உள்ளனர்" என்று தொடங்கி, பணிவும் வருத்தமும் சரியான அளவில் கலந்து, ஒரு பக்கத்தில் முடித்து, ரக்பிக் கூட்டமைப்பின் பிராந்திய அலுவலகத்துக்குத் தொலைநகலில் அனுப்பினேன். வைத்தியரின் சான்றிதழ் ஒன்றையும் இணைக்கவில்லை. இணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கொப்பளிப்பானுக்கு வைத்தியரிடம் போன ஒருவரையும் நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. அதன் பெயரைக் கடிதத்தில் எழுதாமல் விட்டதும் அப்படித்தான். மறைக்க நினைக்கவில்லை. பழக்கத்தில் கை தானாகவே அந்தச் சொல்லைத் தாண்டிப் போயிருந்தது.

திங்கட்கிழமை பதில் வந்தது. காரணம் காட்டாமல் ஆட்டத்துக்கு வராத அணி தோற்றதாகக் கணிக்கப்படும். இன்னொரு முறை நடந்தால் பிரிவிலிருந்து நீக்கப்படும்.

தலைவர் தொலைநகலை ஒரு கையிலும் என் கடிதத்தின் பிரதியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"சின்யொரீனா, என் கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு நன்றாக எழுதப்படவில்லை. எல்லாம் இருக்கிறது. வரிச்செல்லா என்ற ஒரு சொல்தான் இல்லை. ஏன்?"

கொப்பளிப்பானுக்கு இத்தாலியனில் வரிச்செல்லா. "எங்கள் வீட்டில் அதைச் சொல்வதில்லை," என்றேன். 

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. மெதுவாகக் கதைத்தார். அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த ஞாயிறும் ஆட்டம் இருக்கிறது. ஆறு பேரும் எழும்பமாட்டார்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் போட்டி விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். அந்த அலுமாரியில் அதுவரை ஒருவரும் திறக்காத புத்தகம் அது. பக்கங்கள் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு விதி இருந்தது. தொற்றுநோய் என்றால் ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம். ஒவ்வொரு வீரருக்கும் வைத்தியர் கையெழுத்திட்ட மூலச் சான்றிதழ் வேண்டும். ஆட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமை நண்பகலுக்குள் நேரில் கொடுக்க வேண்டும்.

ஆறு வீடு, ஆறு வைத்தியர், மூன்று நாள். பயிற்சியாளருக்குச் சின்ன வயதில் அது வந்ததில்லை, அதனால் அந்த வீடுகளுக்குள் போகப் பயந்தார். தலைவருக்கும் வந்ததில்லையாம். எனக்கு ஆறு வயதில் வந்து போயிருந்தது. நெற்றியில் இரண்டு வடு இருக்கிறது. அப்படியென்றால் நான்தான்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மாள் நிக்கிற வீடு ஒண்டுக்கே ஒருத்தரும் போறேல்லை. நீ ஆறு வீடு ஏறி இறங்கப் போறியோ? போய் அவளுக்குக் கணக்கெடுக்கப் போறியோ?"

"வேலை போயிடும் அம்மா. நான்தான் பிழை விட்டனான். நான்தான் திருத்த வேணும்."

 அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய், தெருமுனை மரத்திலிருந்து ஒரு கட்டு இலை ஒடித்துக்கொண்டு வந்தார்.

"வெறுங்கையோடை போகாதை. வீட்டுக்கு ஒரு கொப்புக் குடு."

"அம்மா, இது வேம்பில்லை. வேம்புக்கு வெள்ளைப் பூ. இது ஊதாவாப் பூக்கிறது."

"தெரியும். இஞ்சை எங்களுக்கு வேற மரமில்லை எண்டு அவளுக்கும் தெரியும்."

மீன்காரரின் வீட்டுக்கு முதலில் போனேன். பல்லரோச் சந்தையில் அவருடைய மீன் தட்டைத் தாண்டி மூன்றாவது சந்து, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கதவை நிறைத்துக்கொண்டு நிற்கிற அந்த உடம்பு ஒரு சின்னக் கட்டிலில் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தது. முகமெல்லாம் கொப்புளம்.

"சின்யொரீனா, ஒரே ஒரு இடம். முதுகில். நான் சொறியவில்லை என்று என் அம்மாவிடம் சொல்லிவிடுகிறாயா?"

"சொறியக் கூடாது. வடு விழும்."

"மீனுக்கு என் முகமா முக்கியம்?"

அவருடைய தாய் ஈரத் துணியோடு வந்து அவர் கையில் ஒன்று போட்டார். கட்டிலுக்கு மேல் ஒரு புனிதரின் படம் குத்தியிருந்தது. நான் நீட்டிய கொப்பை எதற்கென்று கேட்டார். எங்கள் வழக்கம் என்றேன். அவர் மறு கேள்வி கேட்காமல் அதைப் படத்துக்கு அடியில் செருகினார். "உதவி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வரட்டும்," என்றார். பிறகு வைத்தியரின் முகவரியைத் தந்து, "என் மகனுக்குக் காய்ச்சல் என்று மட்டும் எழுதிவிடுவார், சோம்பேறி. நோயின் பெயரை முழுதாக எழுதச் சொல்," என்றார். என் பிழையை யார் அவருக்குச் சொன்னார்கள் என்று யோசித்தேன். ஒருவரும் சொல்லவில்லை, வைத்தியரின் குணம் அவருக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. எல்லா வைத்தியர்களின் வாசலிலும் வரிசையில் நின்றேன். ஒவ்வொரு மேசையிலும் "வரிச்செல்லா" என்று நானே சத்தமாகச் சொன்னேன். முதல் தடவை நாக்கு கூசியது. ஐந்தாவது தடவை, தேதி போடாத ஒரு வைத்தியரைத் திருப்பிக் கூப்பிட்டுத் தேதி போடவைத்தேன்.

ஆறாவது வைத்தியர் புதன் பின்னேரம் திறக்கவில்லை. வியாழன் எட்டு மணிக்கு அவருடைய வாசலில் நின்றேன். அவர் பத்தரைக்கு வந்தார். எனக்கு முன்னால் வந்திருந்த நான்கு கிழவிகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "ரக்பியா? அது என்ன?" என்று ஒருவர் கேட்டார். "ஆண்கள் சேற்றில் உருளுவது," என்றேன். நால்வரும் வாய்விட்டுச் சிரித்து வழிவிட்டார்கள்.

பிராந்திய அலுவலகத்து மேசையில் ஆறு தாள்களையும் பெயர் வரிசையில் அடுக்கி, மேலே ஒரு கடிதம் வைத்துக் கொடுத்தபோது பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது. கடிதத்தில் நான்கே வரி. முதல் வரியிலேயே நோயின் பெயர். அங்கிருந்த அலுவலர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முத்திரைகளைப் பார்த்தார், தேதிகளைப் பார்த்தார்.

"குறை பிடிக்க ஒன்றுமில்லை," என்றார், ஏமாற்றம்போல. பிறகு புன்னகைத்து முத்திரை குத்தினார். அந்த ஞாயிறு ஆட்டமும் அதற்கடுத்ததும் ஜூனுக்குத் தள்ளிப்போயின.

என் பிழையால் போன புள்ளிகள் போனவைதான். அதனால் ஜூனில் ஒரு ஆட்டமாவது வெல்ல வேண்டியிருந்தது. முதலாவதில் தோற்றோம். இரண்டாவது நாள் புல்லெல்லாம் காய்ந்து தரை ஓடுபோல் சுட்டது. சித்தப்பா வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். பாதி ஆட்டத்தில் குடையை மடக்கிவிட்டு எல்லைக்கோட்டில் நின்று, "தள்ளுங்கோடா! தள்ளு! மீன்காரா, குனியடா!" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தார். மீன்காரர் குனிந்தார். கன்னத்தில் இன்னும் வடு மறையாத ஐந்து ஸ்க்ரம்காரர்களும் தள்ளினார்கள். ஐந்து புள்ளிகளால் வென்றோம். அணி பிரிவில் நிலைத்தது.

அடுத்த நாள் தலைவர் வேலை ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார். கையெழுத்து வைக்கும்போது அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தேன். "எல்லாத்தையும் வாசிச்சனியோ?" என்று கேட்டார். இரண்டு தடவை வாசித்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வேனிலில் விதிப் புத்தகத்தின் மற்றப் பாதியையும் வாசித்து முடித்தேன். அதில் ஆட்ட விதிகள் இருந்தன. புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில், நடுவர் பிழையாக ஊதிய ஓரிடத்தைப் பயிற்சியாளரிடம் காட்டி, பக்க எண்ணையும் சொன்னேன். அவர் என்னையும் மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியென்றால் நீயே போய் ஊது," என்றார் சிரித்துக்கொண்டு.

நான் சிரிக்கவில்லை. நடுவர் பயிற்சிக்கான படிவத்தை அந்தக் கிழமையே நிரப்பிக் கொடுத்தேன். நேற்று முதல் வகுப்புக்குப் போய்வந்தேன்.